புகை வராத காலை

ஐப்பசி மழையில் ஊறிய கருவேல விறகுக்கு
எரிவதைவிட அழுவதுதான் பழக்கம்.
முதல் ஒரு மணி நேரம் முனையில் நுரை தள்ளும், சீறும்,
கொதிகலன் கதவைத் திறந்தால்
புகை என் கண்ணைத் தேடி வரும்.
பதினோரு வருடம்
அந்தப் புகைக்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

சகாயநாதன் வந்தான்,
ஒரு பெட்டியும் விரல் தடிமனில் ஒரு குழாயும் கொண்டு.
கூரைத் தகடுகளில் வெயில் பட்டால்
பெட்டிக்குள் தண்ணீர் இரண்டாய்ப் பிரியுமாம்.
ஒன்றைக் காற்றில் விட்டான்.
மற்றதை, ஹைட்ரஜனை, தொட்டியில் அடைத்து
அடுப்புக்குத் திருப்பினான்.
இணைப்பு தோறும் சோப்பு நுரை தடவி
ஒரு குமிழி எழுகிறதா என்று
கால் மணி நேரம் குந்தியிருந்து பார்த்தான்.

நாளுக்கு ஒரு குடம்.
லாரியில் வரும் பதினைந்து ரூபாய்க் குடம்.
“குடிக்கத் தண்ணியில்லாத ஊருல
தண்ணியக் கொளுத்துறானுக”
என்றாள் எடைத்தட்டில் இருந்த ரகுமத் நிஷா.
நானும் சிரித்துவிட்டேன்.

அந்த வாயுவின் தீ பகலில் கண்ணுக்குப் படாது.
விறகில்தான் தெரிந்தது.
ஈரக் கட்டை சட்டென்று மஞ்சளாகி,
புகையாய்த் தப்பிப் போகப் பார்த்ததெல்லாம்
உள்ளேயே பிடிபட்டு எரிந்தது.
ஆறு கட்டை தின்னும் நேரத்தில் ஐந்து.
மிச்சம் ஒரே ஒரு கட்டைதான்.
ஆனால் புகைபோக்கிக்கு மேலே
வானம் வானமாகவே இருந்தது.

அன்றைக்கு ஏழு மணி ஆகியும்
நண்டு உடைக்க ஒருத்தியும் வரவில்லை.
முந்நூறு கிலோ, வெந்து சிவந்து
தட்டுகளில் ஆறிக்கொண்டிருந்தது.
ஈ வந்துவிட்டது.
முதலாளி வாசலுக்கும் போனுக்குமாய் நடந்தார்.
எனக்குத்தான் முதலில் உறைத்தது:
மோர்ப்பண்ணையில் யாரும்
கடிகாரம் பார்த்துப் புறப்படுவதில்லை.
உப்பளத்துக்கு அந்தப் பக்கம் நின்று
எங்கள் புகையைப் பார்த்துத்தான்
பிள்ளைக்குச் சோறு கட்டுவார்கள்.

சகாயநாதனிடம் கேட்கவில்லை.
வால்வை மூடினேன்.
இருப்பதில் ஈரமானதாய்ப் பொறுக்கி
ஐந்தாறு கட்டை திணித்தேன்.
பழைய பிசாசு எழுந்தது, கறுத்து, தடித்து,
வாடைக்குச் சாய்ந்து
உப்புப் பாத்திகளின் மேல் நீளமாய்ப் படுத்தது.
கொஞ்ச நேரத்தில் வரப்பில் சேலைகள்,
ஓட்டமும் நடையுமாய்.

“இன்னிக்கு லேட்டா மூட்டினியா?” என்றாள் முதலில் வந்தவள்.
இருமிக்கொண்டே தலையாட்டினேன்.
பின்னால் சகாயநாதன்
ஊசி ஏன் விழுந்தது என்று
அளவுமானியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

நாளையிலிருந்து சங்கு ஊதலாம் என்று பேச்சு.
சங்குக்கும் நீராவி வேண்டும்.
வால்வை மெல்லத் திறந்தேன்.