மணிக்கட்டில் எழுதியவை

முதல் வருஷம் கட்டில் விரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.
விரிப்பின் மூலையை நாற்பத்தைந்து பாகையில் மடித்து
மெத்தைக்கு அடியில் செருக வேண்டும்.
சுருக்கம் தெரிந்தால் உருவிப் போட்டு
மறுபடி முதலிலிருந்து.
ஒரு சுருக்கம், ஒரு புண் என்றார்கள்.
பேரணாம்பட்டில் எங்கள் வீட்டில்
ஐந்து பேருக்கு இரண்டு பாய்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
மூன்றாம் மாதம் ஒரு முதுகைப் புரட்டிப் பார்த்தேன்.
பிறகு வரவில்லை.

லீவுக்குப் போனால் அப்பாவின் புறங்கையில்
நரம்பு தேடிப் பழகுவேன்.
தோல் ஷெட்டில் முப்பது வருஷம்
சுண்ணாம்புத் தொட்டியில் முங்கி எழுந்த கை.
ஊசி கிடையாது, விரல்நுனிதான்.
அழுத்தி விட்டால் மெத்தென்று எழும்ப வேண்டும்.
எழும்பாதது தசைநார், ஏமாறக் கூடாது.
"கிடைச்சுதா?" என்பார்
டிவியிலிருந்து கண்ணெடுக்காமல்.
அந்தத் தடித்த தோலுக்கடியில் கண்டுபிடித்தவளுக்கு
இன்று எந்தக் கையிலும் கிடைக்கிறது,
விளக்கணைத்த வார்டிலும்.

பரீட்சைத் தாளில் வராத பாடம்
காட்பாடியில் ரயிலிறங்கி வந்தது,
இரண்டு ராத்திரி உட்கார்ந்தே வந்த கால்வீக்கத்தோடு,
பொரி மூட்டையோடு, நாலு ஆஸ்பத்திரி ஃபைலோடு.
ஜோல் என்றால் தண்ணீர்.
பேத்தா, வலி. கொத்தாய், எங்கே.
இடது மணிக்கட்டின் உள்பக்கம் பேனாவால் எழுதிவைப்பேன்.
இன்சார்ஜ் பார்த்தால் திட்டு.
ஆளுக்கொரு தரம் கை கழுவக் கழுவ
ஒவ்வொரு சொல்லாய்க் கரைந்து
வேறு வழியில்லாமல் மனப்பாடமானது.

பயமில்லை என்பதற்கு
பொய் நேய்.
பயத்துக்கு அவர்கள் பாஷையில்
பொய் என்று பேர்.
முதல் தடவை சொன்னபோது நாக்கு கூசியது.

பதினேழாம் கட்டில் மால்டாக்காரர், நிரஞ்சன்.
சைக்கிள் பழுதுபார்க்கிறவர்.
கல்லீரல்.
மனைவி ஷெஃபாலி லாட்ஜ் சந்தில்
அடுப்பை நாள்வாடகைக்கு எடுத்து
உப்பில்லாத மீன்சாறு வைத்துக் கொண்டுவருவாள்.
மாமரம் ஐந்தை விற்றாயிற்று என்று
விரல் மடக்கிக் காட்டினாள்.
ஆறாவது விரலைத் தொட்டாள்,
மடக்காமல் விட்டாள்.

தினமும் ராத்திரி ஒரே கேள்வி.
சார்ட் என் கையில்தான் இருக்கும்.
அந்த எண்களை எனக்கு வாசிக்கத் தெரியும்;
வாய்விட்டு வாசிப்பது டாக்டரின் வேலை.
ஆகவே தலையணையைத் திருப்பிப் போட்டு,
சொட்டைச் சரிபார்த்து,
பொய் நேய் தீதி, என்பேன்.

செவ்வாய்க்கிழமை, மூன்று பத்து.
நெஞ்சில் கைவைத்து எண்ணத் தொடங்கினேன்.
முப்பதில் நிறுத்தி, மறுபடி ஒன்று.
எத்தனை முப்பது என்று கேட்காதீர்கள்.
விலா எலும்பு முறியலாம் என்பது
பாடப்புத்தகத்தில் ஒரு வரி;
உள்ளங்கையில் அது வேறு.

குழாய்களை எடுத்தேன். துடைத்தேன்.
தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினேன்.
நகக்கண்ணில் சைக்கிள் கிரீஸ்,
நாற்பது நாள் ஆஸ்பத்திரி சோப்புக்கும் போகாதது.
அதை மட்டும் அப்படியே விட்டேன்.

வெளியே டாக்டர் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்.
ஷெஃபாலி அவரைப் பார்க்கவே இல்லை.
நேராக வந்து என் தோளைப் பற்றி
"மித்தே" என்றாள்.
"மித்தே, மித்தே."
என் மணிக்கட்டில் இல்லாத சொல்.

காலையில் டூட்டி ஒப்படைத்துவிட்டு
பதினெட்டாம் கட்டிலுக்குத் துணையிருந்த பையனைக் கேட்டேன்,
தமிழ் கொஞ்சம் பிடிபட்டவன்.
யோசித்துவிட்டுச் சொன்னான்:
பொய், சிஸ்டர்.
எங்க பொய் இல்ல.
உங்க பொய்.

ஹாஸ்டலில் காலுறையைக் கழற்றினால்
கணுக்காலைச் சுற்றிச் சிவப்பு வரி.
கல்விக்கடன் தவணை பிடித்தாயிற்று என்று
வங்கியிலிருந்து செய்தி.
மின்விசிறி வெயிலைத்தான் சுற்றியது.
தூங்கினேனா தெரியவில்லை.

ராத்திரி எட்டு மணி.
பதினேழில் புது விரிப்பு.
யாரோ மடித்த மூலை, சரியில்லை;
உருவி, திரும்ப மடித்தேன்.
வந்திருப்பவன் சின்ன வயசு, கண்ணெல்லாம் மஞ்சள்.
என் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தான்.
பேத்தா கொத்தாய்,
அது மட்டும் கேட்டேன்.
அவன் காட்டிய இடத்தில்
கையை வைத்தேன்.