மேற்குச் சுவர்

விற்றவர் சாவியைத் தரும்போது சொன்னார்:
"அந்த வால்பேப்பரை மட்டும் எடுத்துடாதீங்க,
சதுர அடி தொண்ணூறு ரூபாய்."
படத்தில் ஓர் அருவி,
பனித்தொப்பி போட்ட நாலு மலை,
ஓடையோரம் ஒரு மான்.
மானின் வயிற்றில் சுவிட்ச்போர்டு.

கிருஷ்ணகிரி ஹவுசிங் போர்டில்
கைமாறி வந்த வீடு.
மேற்கு ஜன்னலைத் திறந்தால்
வெயில் ஏறிய கோட்டைமலை.
சாத்தினால் சுவிட்சர்லாந்து.
இரண்டுக்கும் நடுவே மூன்று மாதம்
சாப்பிட்டோம், தூங்கினோம்,
தவணைக் கணக்குப் போட்டோம்.

ஐப்பசியில் மான் உப்பியது.

முதலில் கழுத்து, பிறகு முதுகு.
ஒரே வாரத்தில் சினை மான்.
விரலால் அமுக்கினால்
உள்ளே ஏதோ பொருபொருவென்று உதிர்ந்தது.
"சம்பங்கி நம்மளை ஏமாத்திட்டார்" என்றார் திம்மராஜ்,
ஓசூர் பஸ்ஸுக்காக ஷூ மாட்டிக்கொண்டே.
நான் சொன்னது அதைவிட மோசம்,
இங்கே எழுத முடியாது.

மாங்கூழ் ஆலையில்
பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை.
தோலும் சதையும் எந்தச் சூட்டில் பிரியும் என்று
என்னிடம் கேட்கலாம்.
ஆகவே வெந்நீர், இரண்டு மூடி வினிகர்,
ஸ்பாஞ்சு, தோசைத்திருப்பி.
வெந்த பெங்களூராவின் தோல் மாதிரி
நீளமாக வரும் என்று நினைத்தேன்.
அருவி அப்படித்தான் வந்தது.
மலைகள் வரவில்லை.
நகக்கண் அளவு, அரை நகக்கண் அளவு,
பனியை மட்டும் சுரண்ட
ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று.
கீழே இன்னொரு பேப்பர், செங்கல் டிசைன்.
செங்கல் சுவரின் மேல் செங்கல் படம்!
அதற்கும் கீழே வெளிர்நீல டிஸ்டெம்பர்.

அதில்தான் கோடுகள்.

பென்சில் கோடுகள். ஏரி வரைபடத்தில்
நீர்மட்டம் காட்டுவார்களே, அப்படி
ஒன்றைச் சுற்றி ஒன்று.
ஓரத்தில் பொடி எழுத்தில் தேதி.
ஆகஸ்ட் 2011, உள்ளங்கை அளவு.
நவம்பர், தாம்பாளம்.
'பைப் மாற்றியது ரூ. 2,300.'
அதற்கு வெளியே ஒரு கோடு.
'மாடியில் தார் பூசியது.'
அதற்கும் வெளியே.
'மேஸ்திரி வரவில்லை.'
'வரவில்லை.'
2014 டிசம்பர்க் கோடு
ஜன்னல் சட்டத்தில் முட்டி நிற்கிறது.
அப்புறம் எழுத்தே இல்லை.
அப்புறம்தான் செங்கல் வாங்கியிருக்கிறார்.

மூன்று வருடம் ஒரு மனுஷன்
ஸ்டூல் போட்டு ஏறி
ஈரத்தின் பின்னாலேயே போயிருக்கிறார்.
பொய் சொன்னார் என்பதில் மாற்றமில்லை.
ஆனால் அவருக்கென்று நான் எடுத்துவைத்திருந்த
வாக்கியங்களில் பாதி
ஊறிப் பிய்ந்து வந்துவிட்டன.
மீதியோடு போன் செய்தேன்.
"எடுத்துட்டீங்களா?" என்றார்.
பெங்களூரில் மகள் வீட்டுக் குக்கர்
இரண்டு விசில் அடித்தது.
பிறகு மெதுவாகக் கேட்டார்:
"இப்ப எது வரைக்கும் வந்திருக்கு?"

பட்டி பார்க்க வந்த மாதேஷ்
சுவரைத் தட்டிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றான்.
"மாடித் தண்ணி சுவருக்குள்ளயே இறங்குதுக்கா,
குழாயை வெளியே எடுத்துடறேன்.
ஆனா எதையும் பூசாதீங்க.
ஒரு வெயில்காலம் அம்மணமா விடுங்க."

விட்டோம்.
நாத்தனார் பெரிய காலண்டர் ஒன்று கொண்டுவந்தாள்.
சமையலறைக்கு அனுப்பினேன்.

மாசியில் என் முதல் கோடு,
அவருடைய 2013-க்கு உள்ளே.
பங்குனியில் இன்னொன்று,
நாலு விரல் தள்ளி, அதற்கும் உள்ளே.
ஆலை வாசலில் மாங்காய் லாரிகள்
வரிசை கட்டத் தொடங்கியபோது தாம்பாளம்.
இன்று காலை ஒரு சாஸர்.
திம்மராஜ் ஷிஃப்ட் முடிந்து வந்ததும்
பையை இறக்கும் முன்பே
புறங்கையால் சுவரைத் தொடுகிறார்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியை
நடுராத்திரியில் தொடுகிற மாதிரி.

சாஸர் போகுமா, தெரியாது.
ஐப்பசி இனிமேல்தான்.
மானில்லாத சுவிட்ச்போர்டின் மேல்
பென்சில் இருக்கிறது, சீவி.