பத்துக்கு எட்டு

பாப்பாரப்பட்டி மாதையன்
பென்டிரைவோடு வந்து நிற்கிறார்.
பத்துக்கு எட்டு, ரெண்டு பீஸ்,
வெள்ளிக்கிழமை மண்டபத்து வாசலில் கட்டணும்.
"பாப்பாவைக் கொஞ்சம் சிவப்பா ஆக்குங்க மேடம்,
வெயில்ல கபடி ஆடிக் கருத்துட்டா."

திரையில் கோபிகா.
யாரோ கட்டிவிட்ட அரக்குப் பட்டு,
யாரோ குத்திய ஊசியில் தொங்கும் கனகாம்பரம்.
கைகளை மட்டும்
இரவல் வாங்கிய பாத்திரம்போல
மடியில் ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்திருக்கிறாள்.

இந்தக் கைகளைப் பார்த்திருக்கிறேன்.
பின்னணிக்குத் தோட்டம் தேடியபோது
போன மாதம் அகப்பட்ட பிரெஞ்சு ஓவியம்.
நீல ரிப்பன், வெள்ளைக் கவுன்,
எட்டு வயசுக்குள்
ஒரு சீமாட்டியை உட்காரவைத்திருந்தார்கள்.
அவள் அப்பாவும் அளவு சொல்லி
அட்வான்ஸ் கொடுத்திருப்பார்.

எண்ணூறு சதவீதம் பெரிதாக்கினேன்.
கன்னம் கலைந்தது.
உள்ளே பச்சை இருந்தது. மோவாய்க்குக் கீழே ஊதா.
நெற்றியில் ஒரே இழுப்பில் மஞ்சள்.
நிழலுக்குக்கூடக் கறுப்பைத் தொடவில்லை அந்த ஆள்.
பிள்ளை எங்கே முடிகிறாள்
பெண் எங்கே தொடங்குகிறாள்
கோடே இல்லை.
கண் மட்டும்
சட்டத்துக்கு வெளியே எதையோ,
கதவாய் இருக்கலாம்,
பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கும் ஒன்று அடித்தார்கள்.
இரண்டு மயில், ஒரு பனிமலை, நடுவில் நான்.
விழா முடிந்து
புளி காயவைக்க விரித்துக்கொண்டார்கள்.
மூன்று தை, மாசி
என் முகத்தின்மேல் புளி காய்ந்தது.
கொட்டை எடுக்க உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி.

வளைகோட்டை மேலே இழுத்தால்
மாதையன் மகள் வெளுக்கிறாள்.
"இன்னும் கொஞ்சம்," என்கிறார்.
இழுத்தேன்.
மூக்கு காணாமல் போனது.
அவர் டீ குடிக்கப் போன நேரத்தில்
கன்ட்ரோல் இசட்,
கன்ட்ரோல் இசட்,
அவள் வெயிலுக்குத் திரும்பும்வரை.
புருவத்தின்மேல் தழும்பு,
எந்த ரெய்டில் விழுந்தாளோ.
அதைத் துடைக்க வந்த அம்புக்குறி
அதன்மேலேயே நிற்கிறது.
துடைக்கவில்லை.
கன்னத்தில், யாருக்கும் தெரியாத அளவு,
கொஞ்சம் பச்சை வைத்தேன்.

மெஷின் இடவலமாய் ஓடி
தலைமுடியிலிருந்து அவளை இறக்குகிறது.
கிட்டப் போனால்
நீலப் புள்ளி, ரோஸ் புள்ளி, மஞ்சள் புள்ளி.
இவ்வளவு கிட்ட யாரும் வரப்போவதில்லை,
ஒருவேளை
பந்தி நடக்கும்போது நழுவி வந்து
அவளே நின்றால் உண்டு.

ஆறடி தள்ளி நின்று
மாதையன் கண்ணைச் சுருக்குகிறார்.
"சிவப்பா வந்திருக்காளா?"

"ஈரம் காயட்டுங்க," என்றேன்.