கடைசிப் படகு

பண்ணைப் பாலம் கடக்கவே
முக்கால் மணித்தியாலம்.
பூநாரை எண்ணவேணுமாம் சுகிர்தாவுக்கு.
நூற்றிப் பதினொன்றில் ஒன்று பறந்தது;
திரும்ப முதலில் இருந்து.

வேலணையில் வெள்ளரிப்பழம்.
சீனி காணாதென்று தொடங்கி
கடைக்காரியின் மகளின் சம்பந்தம் வரை போனாள்.
எஞ்சின் சூடு என்று
நானும் ஒருக்கால் பொய்யாய் பொனற்றைத் திறந்தேன்.

புங்குடுதீவுத் தாம்போதி.
இரண்டு பக்கமும் கடல்,
எந்தப் பக்கம் வடிவு என்று சண்டை.
தீரவில்லை.

குறிகட்டுவானில் கடைசிப் படகு
கயிறு அவிழ்க்கிறது.
"ஓடினால் பிடிக்கலாம்!" யாரோ கத்துகிறார்.
செருப்பைக் கழற்றினாள்.
ஓடத்தான் என்று நினைத்தேன்.
படியில் இருந்து
காலைத் தண்ணீருக்குள் விட்டாள்.
"தீவு எங்கையும் போகாது, இருங்கோ."

இருந்தேன்.
கையில் வெள்ளரிப்பழப் பிசுக்கு.
திரும்பிப் போகேக்கை
பூநாரை நிக்குமோ,
இருட்டிவிடுமோ.