எத்தனை நாள் வரும்

பெரிய வால்வு இரண்டாயிரம் மணி நேரம் வரும்,
சின்னது பத்தாயிரம் என்றார் கோவைக் கடைக்காரர்.
போனை வைக்குமுன் ஒரு இருமல்.
'அது நீங்க ஓட்டுறதப் பொறுத்தும்மா.'
பழைய ஸ்கூட்டர் விற்பவர் குரல்.

நான் ஓட்டுவதில்லை.
ஓட்டுவது கோத்தகிரி.

மாலை ஆறரைக்கு
டானிங்டன் முதல் ராம்சந்த் வரை
அத்தனை கீசரும் விழித்துக்கொள்ளும்.
என் சுவரில் நூற்றெழுபது வோல்ட்.
வால்வுக்குள் இழை பீடி நுனியளவு சிவக்கும்.
ஓங்கி அடித்தால் ஒலி
ஒரு கணம் முழங்காலை மடித்துவிட்டு
பிறகுதான் எழும்.
அந்த மடிப்புக்காகவே இந்த ஆம்ப்பை வாங்கினேன்.
ஜெமிமா அதைத் தயக்கம் என்பாள்.
டிரம்ஸ் ஹால்தொரைக்கு அது ரிப்பேர்.

இரவு பத்தரைக்கு
தேயிலை ஃபாக்டரியில் இலை வாட்டும் காற்றாடிகள் நிற்கும்.
அடுத்த நிமிடம் இருநூற்றைம்பது.
அப்போது வாசிக்கும் ஒரு மணி நேரத்தை
ஒன்றரை என்று எழுதுவேன்.
என் சொந்தக் கணக்கு. விஞ்ஞானம் இல்லை.

எழுதுவது மின்வாரியப் புகார்ப் பதிவேட்டில்.
என் மேஜைமேல் பகலெல்லாம் கிடக்கும் நோட்டு,
பின்பக்கம் காலியாக இருந்தது.
முன்பக்கம் ஊர், பின்பக்கம் வால்வு.
முன்பக்கத்தில் எல்லோரும் கேட்பது: எப்ப வரும்?
பின்பக்கத்தில் நான்: எத்தனை நாள் வரும்?
வருவதற்கும் நீடிப்பதற்கும்
ஒரே சொல்லை வைத்தவன்
ஒரு மழைக்காலமாவது
இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு மணி.
அதுபோக, குஞ்சப்பனை வழியாக
மேட்டுப்பாளையம் கல்யாணங்களுக்கு ஜீப்பில் இறங்கிய வளைவுகள்.
வளைவை மணியாக மாற்றத் தெரியவில்லை.
ஓரத்தில் குறுக்குக் கோடு போட்டு வைத்தேன்.
சின்ன வால்வு ஒன்று
பென்சிலால் தட்டினால் ஸ்பீக்கரில் கூவும்.
மாற்றவில்லை.
தட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

வால்வின் தலையில் ஒரு வெள்ளிப் பூச்சு.
அது பால்நிறம் ஆகிவிட்டால்
உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள்.
இங்கே பனி எதற்குள்ளும் புகும்,
தீப்பெட்டி, அரிசி, என் சர்வீஸ் புத்தகம்.
அந்த நாலு கண்ணாடிக்குள் மட்டும்
இன்னும் வழி கிடைக்கவில்லை.
பல் தேய்த்தபடி தினமும் போய்ப் பார்ப்பேன்.

ஜூலையில் அரவேணுவுக்கு மேலே
சில்வர் ஓக் ஒன்று லைன்மேல் சாய்ந்தது.
நாலு நாள்.
'எப்ப வரும் மேடம்', முன்னூற்றுப் பதினாறு அழைப்பு.
அதில் ஹால்தொரையும் உண்டு,
குரலை மாற்றி, நாகராஜ் என்று சொல்லிக்கொண்டு.
நாலு நாளும் பின்பக்கம் வெறுமை.
வால்வு ஒரு நிமிடம்கூடத் தேயவில்லை,
லாபம்தான் என்று சொல்லிப் பார்த்தேன்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
ஒயர் செருகாத கிடார்
கொசு அளவுக்கே பேசியது.

ஐந்தாம் இரவு பதினொன்று நாற்பதுக்கு வந்தது.
ஃபாக்டரி ஓடவில்லை. ஊரில் பாதி தூங்கிவிட்டது.
இழுக்க ஆளில்லாத கரண்ட்,
மீட்டரில் இருநூற்று அறுபத்திரண்டு.
உடனே எதையும் போடாதீங்க என்று
ஊருக்கே சொல்பவள் நான்.

போட்டேன்.

வலப்பக்க வால்வின் தகட்டோரம்
அடுப்பில் மறந்த கரண்டிக் காம்பாகச் சிவந்தது.
ஒரே கார்டு, ஈ மேஜர்.
மடியவில்லை.
நிமிர்ந்து நின்று
ஜன்னல் கண்ணாடியை உலுக்கியது.
இன்னொரு முறை.
அப்புறம் எண்ணவில்லை.

போன் அடித்தது. கேர்பெட்டாவிலிருந்து யாரோ.
'மேடம், பல்பெல்லாம் ரொம்ப வெள்ளையா எரியுது.
இப்படியே வருமா?'

தகடு இன்னும் சிவப்பு.
தெரியலைங்க என்றேன்,
இடது கையைத் தந்தியிலிருந்து எடுக்காமல்.