இன்று படகு உண்டா

நான் வேலைக்குச் சேரும் முன்
அந்தத் தளத்தின் முகப்பில் ஒரு கடல் ஓடிக்கொண்டிருந்தது.
பதினெட்டு மெகாபைட் கடல்.
சாந்தியாகோவிலிருந்து வந்தவன் ட்ரோன் பறக்கவிட்டுப் பிடித்தது:
நீலம், நுரை, மெல்லத் திரும்பும் ஒரு பறவை.
சிலோயே தீவுக்காரர்களுக்குக்
கடல் பார்க்க ஃபோன் எதற்கு.
ஜன்னல் போதும்.

அச்சாவோ துறையில் ஒற்றைக் கோடு சிக்னலோடு
அந்தக் கடல் இறங்கக் காத்திருந்தவர்கள்
இந்தக் கடலில் படகு போய்விட்டதைப் பார்த்தார்கள்.

முதல் நாளே அதைத் தூக்கினேன்
(ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டுதான்.
பிரதி எடுக்காமல் ஒருமுறை அழித்திருக்கிறேன்,
அந்தக் கதை வேண்டாம்).
சுழலும் படங்களைக் கழற்றினேன்.
'எங்கள் தொலைநோக்கு' பக்கத்தை
சங்கத் தலைவர் தோன் பலாமெதெஸ் மட்டும் திறந்திருந்தார்,
நாற்பத்தோரு முறை.
அதைக் கீழே சின்ன எழுத்தில் விட்டுவைத்தேன்.
சம்பளக் காசோலையில் கையெழுத்து அவருடையது.

அக்கார்டியன் பழுதுபார்க்கும் எலெயுதேரியோ
பக்கங்களைக் காதால் படிப்பவர். கண் தெரியாது.
என் புத்தம்புது அட்டவணையை
அவருடைய ஃபோன் உரக்க வாசித்தது:
படம். படம். பொத்தான். பொத்தான். பொத்தான்.
"எந்தப் பொத்தான் யாஸ்னா,
என் சட்டையிலா?"
அன்று ராத்திரி உட்கார்ந்து
ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன்.
அட்டவணை படமாக இருந்தது, அதை எழுத்தாக்கினேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரே வரி.
இன்று படகு உண்டு, பச்சையில்.
இன்று படகு இல்லை, சிவப்பில்.
எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமை.

ஜூனில் வடகாற்று வந்தது.
துறையை மூடினார்கள். மின்சாரம் போனது.
என் ரௌட்டரின் விளக்கு அணைந்தது.
தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.
எந்த மழையும் எட்டாத ஏதோ ஒரு கூடத்தில்
சர்வர் சௌக்கியமாக இருந்தது,
விடிய விடிய
யார் கேட்டாலும் பச்சையில் சொன்னது:
இன்று படகு உண்டு.

அப்பியாவோ தீவில் ஓர்ஃபிலியா மான்சில்லா அதை நம்பினாள்.
காஸ்த்ரோ மருத்துவமனையில் ரத்தம் சுத்திகரிக்கும் நாள்.
இருட்டோடு வந்து
படகு ஏறும் சரிவில் மூன்று மணி நேரம்,
தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு.

பிறகொரு நாள் அலுவலகத்துக்கு வந்தாள்.
சத்தம் போடவில்லை.
ஃபோனில் பிடித்து வைத்திருந்த பச்சை வரியைக் காட்டி
"இதை எத்தனை மணிக்கு எழுதினாய்?" என்றாள்.
முந்தின நாள் மதியம். எனக்குத் தெரியும்.
பக்கத்தில் எங்கும் அது இல்லை.

பதினான்கு வரி நிரல்.
கடைசியாகத் தொட்ட நேரம், வரிக்குப் பக்கத்திலேயே.
மூன்று மணி நேரம் யாரும் தொடாவிட்டால்
பச்சை உதிர்ந்து சாம்பலாகும்:
தெரியாது. இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

தோன் பலாமெதெஸுக்குப் பொறுக்கவில்லை.
"நம் தளம் போய், தெரியாது என்று சொல்வதா?"
சொல்லட்டும் என்றேன்.
அடுத்த புயலில் அது நான்கு முறை சொன்னது.
அந்த எண் என் எண்.

இப்போது பதிவேட்டில் பார்க்கிறேன்.
செவ்வாய், வியாழன், சனி,
விடிகாலை நாலு ஐம்பத்திரண்டுக்கு
பழைய ஃபோன் ஒன்று வருகிறது.
ஒன்பது விநாடி.
வேறு பக்கம் எதையும் தொடாமல் போய்விடுகிறது.

அந்த நாட்களில் நாலரைக்கே எழுந்து
துறைமுக வானொலியைத் திருகுகிறேன்.
அடுப்பில் தண்ணீர் வைப்பதெல்லாம்
அதற்குப் பிறகு.