சோதனைத் துண்டு

காலை ஆறரைக்கு, அம்பகாமக் காட்டு விளிம்பில்,
முதல் வேலை கண்ணி தேடுவதல்ல.
எங்கே கிடக்கிறதென்று முன்பே தெரிந்த
ஓர் இரும்புத் துண்டின் மேல் கருவியைப் பிடிப்பது.
மணல் நிரப்பிய பெட்டி. பத்து சென்ரிமீற்றர் ஆழம்.
கத்தினால் கையெழுத்து.
கத்தாவிட்டால் அன்றைக்கு அது கூடாரத்தில் தூங்கும்,
அதன் இலக்கம் கொப்பியில் ஏறும்.
யாரும் அதோடு கோபிப்பதில்லை.
யாரும் அதற்காக வாதாடுவதுமில்லை.

ஞாயிறுகளில் மாங்குளத்துக்கு இரண்டு மூப்பர்கள் வருவார்கள்.
மூப்பர் விட்டேக்கருக்கு இருபது வயது.
மூப்பர் ராவெல்லாவுக்கு இருபத்தொன்று, ஊர் ராஜமுந்திரி.
ஓமந்தை தாண்டமுன்னமே வியர்த்து ஒட்டிய வெள்ளைச் சட்டை.
எனக்கு முப்பத்தெட்டு.
மூப்பர் என்று சிரிக்காமல் சொல்லிப் பழக
மூன்று மாசம் எடுத்தது.

தேத்தண்ணியை விட்டேன்.
ஒன்பதரை இடைவேளையில் பெட்டையள்
உள்ளங்கைச் சீனியை நக்கி நக்கிக் குடிக்க
நான் சுடுதண்ணியோடு இருந்தேன்.
வருத்தமில்லை.
ஒரு தீர்க்கதரிசி உயிரோடிருக்கிறார்,
இன்றைக்கும் கடவுள் அவரோடு பேசுகிறார் என்பது
சீனியைவிடப் பெரிது.
பேசாத கடவுளோடு நான் கனநாள் இருந்திருக்கிறேன்,
பங்கருக்குள்.

பிறகுதான் வாசித்தேன்.
ஆப்பிரிக்க வம்சத்து ஆண்களுக்கு ஆசாரியத்துவம் இல்லையென்று
நூறு வருசத்துக்கு மேல் சொல்லியிருக்கிறார்கள்.
ஒருவர் சொல்ல, அடுத்தவர் ஆமென்ன, அதற்கடுத்தவரும்.
எழுபத்தெட்டில் கதவு திறந்தது.
அதுவரை சொன்ன காரணங்களை
இப்போது சபையே கைகழுவிவிட்டது.

கேட்டேன்.
விட்டேக்கர் நேர்மையான பிள்ளை, காது சிவந்தது.
"தீர்க்கதரிசியாகப் பேசும்போதுதான் அவர் தீர்க்கதரிசி, சகோதரி யோகாம்பிகை.
மற்ற நேரம் மனிதர்."
எந்த நேரம் எது என்று ஆர் சொல்வது?
"பின்னால் வருகிற தீர்க்கதரிசி."
அந்த விதி இந்தியருக்கு இருந்ததில்லை என்றும் அவசரமாய்ச் சேர்த்தார்.
ராவெல்லா தன் கறுத்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பிமாரே,
வீணாகக் கத்துவதை நான் பொறுப்பேன்.
ஆணி, சோடா மூடி, மீன் ரின், சன்னம்,
ஒருநாள் ஆரோ ஒரு பிள்ளையின் வெள்ளிக் கொலுசு.
ஒவ்வொன்றுக்கும் முழங்காலில் நின்று
அரை மணித்தியாலம் மண் கிளறியிருக்கிறேன்.
ஆயிரம் பொய்க் கத்தலுக்கு என் நாரி நொந்ததே தவிர
ஒருத்தருக்கும் கால் போகவில்லை.
கத்தவேண்டிய இடத்தில் கத்தாமல் விட்டது வேறு.
சசிவதனியின் தடத்தில் ஒரு கருவி மௌனமாயிருந்தது.
அந்த நேரம் அது வெறும் இரும்பாகத்தான் இருந்தது என்று
அவளின் தாயிடம் ஆர் போய்ச் சொல்ல?

நூறு வருசம். காலடியிலேயே கிடந்திருக்கிறது.
ஒரு கீச்சுக்கூட இல்லை.

பாதுகாப்பான இடம் என்று அறிவித்த குரலை நம்பி
சுதந்திரபுரம் வரை நடந்தவள் நான்,
பிறகு இன்னொரு குரலை நம்பிக் கடற்கரை வரை.
வரைபடத்தில் கோடு நேராகத்தான் இருந்தது.
பின்னால் வந்தவர்கள் விளக்கம் சொன்னார்கள்.
விளக்கங்களுக்குள் ஒருத்தரும் சாகிறதில்லை.

உங்கள் ஆளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை.
ஒரு சோதனைத் துண்டு கேட்கிறேன்,
எல்லாருக்கும் ஆழம் தெரிந்த ஒன்று.
"செபியுங்கள், நெஞ்சு சூடாகும், அதுவே சாட்சி" என்றார் விட்டேக்கர்.
சூடாகித்தான் இருந்தது, ஞானஸ்நானத்தன்று. பொய் சொல்லமாட்டேன்.
வெயிலில் வைத்த கருவியும் சூடாகும்.

பஸ்ஸுக்குக் கைகாட்டி நிற்கையில்
ராவெல்லா முதல்முறையாய் அக்கா என்றார்.
"அக்கா, கருவி பிழைத்த அன்று வேலைக்குப் போவீங்களா?"

மாற்றுக் கருவி இல்லாவிட்டாலும் போவோம், தம்பி.
கம்பியைச் சரித்துப் பிடித்து,
விரற்கடை விரற்கடையாக,
கையால்.

புளியங்குளம், ஓமந்தை, வவுனியா என்று
கொண்டக்டர் கத்திக்கொண்டிருந்தான்.